பெயர் சூட்டும் பேரரசுகள்

பற்றி எரியும் வீட்டின் எதிரே நிற்கிறான் ஒருவன். உள்ளே அலறல் கேட்கிறது. கையெட்டும் தொலைவில் கிணறு, கிணற்றடியில் குடம். அவனோ, "இது அடுப்பில் எழும் புகையா, கூரையில் எழும் புகையா? ஆய்ந்து தெளியாமல் எதுவும் சொல்வதற்கில்லை" என்று பேசிக்கொண்டு நிற்கிறான். அவன் அறிவிலி அல்லன். வீடு எரிகிறது என்று வாயால் சொல்லிவிட்டால், குடத்தைத் தூக்கவேண்டிய கடமை வந்துவிடுமே என்று அஞ்சுகிறான். அந்த அச்சத்துக்கு ஆராய்ச்சி என்று பெயர் சூட்டிக்கொள்கிறான்.

தனி மனிதன் இப்படி நடந்தால் ஊர் காறி உமிழும். வல்லரசு இப்படி நடந்தால், அதற்கு இராஜதந்திரம் என்று பெயர்!

ஒரு நாட்டில் உடன்பிறந்தோரே ஒருவரையொருவர் வெட்டி மாய்க்கும் போர் மூண்டால், குண்டு வைத்துக் குடிமக்களைக் கொல்லும் கூட்டம் தோன்றினால், வெளியே நிற்கும் நாடுகள் என்ன செய்தல் அறம்? நெடுங்காலமாக இதற்கு இரண்டு விடைகள் பேசப்படுகின்றன. அவரவர் வீட்டுப் பூசலை அவரவர் தீர்த்துக்கொள்ளட்டும், அயலான் நுழையலாகாது என்பது ஒன்று. அயலானாயினும் மனிதன் மனிதனே, அவனைக் காப்பதற்கு எல்லைக்கோடு தடையாகலாகாது என்பது மற்றொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், வல்லரசுகளோ இந்த இரண்டு நியாயங்களையும் பெட்டியில் மடித்துவைத்த இரண்டு சட்டைகளாகவே கருதுகின்றன; வேண்டியபோது ஒன்று, வேண்டாதபோது மற்றொன்று! எதை எப்போது அணிவது என்பது, நடக்கும் கொடுமைக்கு அவை சூட்டும் பெயரைப் பொறுத்தது. அந்தப் பெயர் சூட்டும் அதிகாரத்தைத்தான் நாம் ஆராயவேண்டும். அதற்கு ருவாண்டாவின் கதை நல்ல பாடம்.

ருவாண்டா, ஆப்பிரிக்காவின் நடுவே உள்ள சிறிய மலைநாடு. அங்கே ஹூட்டு என்றும் துட்சி என்றும் இரு பெரும் பிரிவினர். ஹூட்டுக்களே பெரும்பான்மையினர். இருவர் பேச்சும் ஒரே மொழி. இருவர் வாழ்வும் ஒரே ஊர்களில். இருவரிடையே கொள்வினை கொடுப்பினையும் உண்டு. அப்பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்த ஐரோப்பியப் பயணிகள், அங்கே சீரிய அரசுகள் இருந்ததைக் கண்டனர். கறுப்பு மனிதன் தானாக அரசமைக்க முடியுமா என்று ஐயுற்றனர். விவிலியக் கதையில் வரும் நோவாவின் மகன் காம் என்பவனை இழுத்துவந்து, அவன் வழியினர் வடக்கிலிருந்து வந்து இங்கே ஆண்டனர் என்று ஒரு கதை கட்டினர். புராணம் இனவியல் ஆயிற்று!

முதல் உலகப் போருக்குப் பின் அந்நாடு ஜெர்மனியின் கையிலிருந்து பெல்ஜியத்தின் கைக்கு மாறியது. பெல்ஜியம் அந்தக் கதையை ஆட்சிமுறையாகவே ஆக்கிற்று. 1930களில் மக்களுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது. அதில் ஹூட்டு அல்லது துட்சி என்ற சொல் பொறிக்கப்பட்டது. தந்தையின் பிரிவே பிள்ளையின் பிரிவு. படிப்பும் பதவியும் துட்சி மேட்டுக்குடிக்கு. பாரம் சுமப்பது ஹூட்டுவுக்கு. 1959இல் ஹூட்டுக்கள் கிளர்ந்தெழுந்ததும், அதே பெல்ஜியம் கட்சி மாறி அவர்கள் பக்கம் சாய்ந்தது. 1962இல் விடுதலை தந்து வெளியேறியது. அட்டை மட்டும் வெளியேறவில்லை. பிறப்பை ஏட்டில் பதித்து, மேல் கீழ் என்று அடுக்கி, அந்த அடுக்குக்குப் புராணத்தைச் சான்று காட்டும் வித்தை எத்தகையது என்பதை நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட துட்சிகளின் வழியினர் 1990இல் உகாண்டாவிலிருந்து படைதிரட்டி வந்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. 1993 ஆகஸ்டில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அதைக் காக்க ஐக்கிய நாடுகள் மன்றம் சுமார் 2,500 பேர் கொண்ட படையை அனுப்பியது. அதன் தலைவர் கனடா நாட்டுத் தளபதி டலேர். 1994 ஜனவரி 11ஆம் நாள் அவர் நியூயார்க்குக்கு ஓர் அவசரச் செய்தி அனுப்பினார். ஆயுதங்கள் பதுக்கப்படுகின்றன, துட்சிகளைப் பட்டியலிடும் வேலை நடக்கிறது, அது அவர்களை அழிப்பதற்காகவே இருக்கும் என்று தகவல் தந்தவர் ஐயுறுகிறார், ஆயுதங்களைக் கைப்பற்றப் போகிறேன் என்றார். கைப்பற்றாதே என்று விடை வந்தது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவரிடமே செய்தியைத் தெரிவிக்கும்படியும் ஆணை வந்தது!

ஏப்ரல் 6ஆம் நாள் இரவு அந்தக் குடியரசுத் தலைவர் சென்ற விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகாத்தே உவிலிங்கியிமானா கொல்லப்பட்டார். அவருக்குக் காவல் நின்ற பெல்ஜியப் படைவீரர் 10 பேரும் கொல்லப்பட்டனர். தெருவுக்குத் தெரு தடுப்பு அமைத்து, வந்தவரிடம் அட்டையைக் கேட்டனர். துட்சி என்றிருந்தால் வெட்டு! ஐரோப்பியன் எழுதிவைத்த சொல், 60 ஆண்டுகள் கழித்து ஆப்பிரிக்கனின் கழுத்தில் கத்தியாக இறங்கிற்று. வெட்ட மறுத்த ஹூட்டுக்களும் வெட்டுண்டனர். ஏறத்தாழ நூறே நாட்களில் மாண்டவர் சுமார் 8 இலட்சம் என்பது ஐக்கிய நாடுகள் மன்றத்தின் மதிப்பீடு. பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது ருவாண்டா அரசின் கணக்கு.

உலகம் என்ன செய்தது? தன் குடிமக்களை மட்டும் விமானமேற்றி அழைத்துச் சென்றது. கிகாலி நகரின் தொழிற்பள்ளி ஒன்றில், பெல்ஜியப் படையின் காவலை நம்பி ஏறத்தாழ 2,000 பேர் அடைக்கலம் புகுந்திருந்தனர். ஏப்ரல் 11ஆம் நாள் அந்தப் படை வெளியேறியது. வெளியே காத்திருந்த கொலைஞர் உள்ளே வந்தனர். ஏப்ரல் 21ஆம் நாள் பாதுகாப்புக் குழு கூடி, டலேரின் படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. கொலை செய்துகொண்டிருந்த அரசின் பேராளரும் அந்த ஆண்டு அக்குழுவின் உறுப்பினராக அங்கே அமர்ந்திருந்தார் என்பதை எண்ணிப் பாருங்கள்!

இங்கேதான் பெயரின் விளையாட்டு தொடங்குகிறது. இனப்படுகொலையைத் தடுக்கவும் தண்டிக்கவும் கடமைப்படுகிறோம் என்ற ஒப்பந்தம் 1948 டிசம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் நிறைவேறியது. அமெரிக்காவும் அதை ஏற்ற நாடு. ஆகவே, ருவாண்டாவில் நடப்பது இனப்படுகொலை என்று சொன்னால் கடமை பிறக்கும்; உள்நாட்டுப் போர் என்று சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு வருந்தினால் போதும். அதற்கு முந்திய அக்டோபரில்தான் சோமாலியாவின் மொகதிசுவில் அமெரிக்க வீரர் 18 பேர் மாண்டிருந்தனர். மீண்டும் ஆப்பிரிக்கா செல்ல வாஷிங்டனுக்கு மனமில்லை. இனப்படுகொலை என்ற சொல்லைச் சொன்னால் ஏதாவது செய்தாகவேண்டிய நிலை வரும் என்று மே மாதத் தொடக்கத்தில் அந்நாட்டு அதிகாரிகளின் குறிப்பொன்று எச்சரித்தது. ஜூன் மாதத்தில்கூட, இனப்படுகொலைச் செயல்கள் என்று சொல்லலாம், இனப்படுகொலை என்று சொல்லலாகாது என்பதே நிலை. எத்தனை இனப்படுகொலைச் செயல்கள் சேர்ந்தால் ஓர் இனப்படுகொலை ஆகும் என்று செய்தியாளர் ஒருவர் கேட்டார். விடை சொல்லும் நிலையில் தாம் இல்லை என்றார், அயலுறவுத் துறையின் சார்பில் பேசியவர். ஆம், பிணங்களை எண்ணுவதை விட்டுச் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தனர்!

துட்சிகளைக் கரப்பான் பூச்சிகள் என்று ஏசிக் கொலைக்கு ஏவிய வானொலியை அடக்குங்கள் என்று கோரிக்கை எழுந்தது. அதற்கும் தடை சொன்னார்கள். சட்டம் இடந்தராது என்றார்கள், செலவு மிகுதி என்றார்கள். 1998 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கிளின்டன் கிகாலிக்குச் சென்று, நடந்ததில் உலக நாடுகளுக்கும் பங்குண்டு, அதை உரிய பெயரால் உடனே அழைக்கத் தவறினோம் என்று ஒப்புக்கொண்டார். பெயர் கிடைத்தது, பெற வேண்டியவர்தாம் இல்லை.

பெயரை மறுப்பது ஒரு முறை. பெயரை வாரி வழங்குவது மற்றொரு முறை. பயங்கரவாதி என்ற பெயரைப் பாருங்கள். ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படை 1979 டிசம்பரில் நுழைந்தபின், அதை எதிர்த்த ஜலாலுதீன் ஹக்கானி அமெரிக்க உளவுத்துறையின் உதவியைப் பெற்ற தளபதிகளில் ஒருவர். அன்று அவர் விடுதலை வீரர். அவர் பெயரால் அமைந்த கூட்டத்தை 2012இல் அமெரிக்கா பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. 2020இல் தலிபான்களோடு உடன்படிக்கை எழுதி, 2021 ஆகஸ்டில் அமெரிக்கப் படை வெளியேறியதும், அவருடைய மகன் காபூல் ஆட்சியின் உள்துறைக்குப் பொறுப்பேற்றார். இத்தனை மாற்றத்திலும் குண்டுபட்டு மாண்ட ஆப்கானியக் குடியானவனின் நிலை மட்டும் மாறவே இல்லை.

நெல்சன் மண்டேலா? ருவாண்டாவில் குருதி ஓடிக்கொண்டிருந்த அதே 1994 மே மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவரானார் அவர். அவருடைய ஆப்பிரிக்க தேசிய காங்கிரசைப் பயங்கரவாதத்தோடு சேர்த்து எழுதிய அமெரிக்கப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கச் சட்டம் வந்தது 2008இல்! உலகம் போற்றிய மனிதருக்கே பெயர் நீங்க அத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், பெயரறியாத ஏழையின் மேல் ஒட்டப்படும் பட்டத்தை நீக்குபவர் யார்?

அப்படியானால், கொடுமை கண்ட இடமெல்லாம் வல்லரசின் படை பாய்ந்தாகவேண்டும் என்கிறோமா? இல்லை. லிபியாவைப் பாருங்கள். 2011 மார்ச் 17ஆம் நாள், குடிமக்களைக் காப்பதற்கென்று பாதுகாப்புக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியா உள்ளிட்ட 5 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. நேட்டோ விமானங்கள் பறந்தன. காப்பதற்கென்று தொடங்கியது, ஆட்சியைக் கவிழ்ப்பதில் முடிந்தது. அக்டோபரில் கடாபி கொல்லப்பட்டார். கொடுங்கோலன் வீழ்ந்தான், நல்லது என்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால், வீழ்த்தியவர்கள் வீடு திரும்பியபின் அந்நாடு ஆயுதக் கும்பல்களின் வேட்டைக்காடாயிற்று. 2014இல் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டது. ருவாண்டாவில் போகாதது பாவம். லிபியாவில் போன விதம் பாவம். முன்னதில் கடமைக்கு அஞ்சிப் பெயரை மறைத்தனர். பின்னதில் நல்ல பெயரொன்றை முன்னே நிறுத்தி, வேறு நோக்கத்தைப் பின்னே நடத்தினர்.

ஆகவே, போவதா வேண்டாமா என்று மட்டும் கேட்பது அரைக்கேள்வி. பகுத்தறிவாளன் வேறு சில கேள்விகளைக் கேட்கவேண்டும். சாகிறவர் யார், கொல்கிறவர் யார்? கொல்கிறவன் கையிலுள்ள ஆயுதத்தை விற்றவர் யார்? இதே செயலை நண்பன் செய்தால் இதே பெயரைச் சூட்டுவார்களா? போகிறவர்கள், போனபின் விளைவதற்கும் பொறுப்பேற்று நிற்பார்களா?

படையனுப்புவதற்கு முன்னே செய்யத்தக்க அறங்கள் பல உண்டு. கொலைஞனுக்கு ஆயுதம் விற்காதிருக்கலாம். அகதிக்கு வாயிலைத் திறக்கலாம். நம்பி வந்தவனைக் கைவிடாதிருக்கலாம். கொல்லத் தூண்டும் குரலை அடக்கலாம். எல்லோரும் வெளியேறியபின்னும் டலேரும், கானா நாட்டு வீரர்களும், இன்னும் சிலரும் கிகாலியில் நின்றனர். கையில் போதிய படைக்கலம் இல்லை. மேலிடத்து ஆதரவும் இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கானோரின் உயிர் அவர்களால் தப்பியது. ஒன்றும் செய்ய இயலவில்லை என்ற பேரரசுகளின் புலம்பலுக்கு அந்தச் சிறு கூட்டமே மறுப்பு.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். கொன்ற கை ருவாண்டாவின் கைதான். அட்டை கொடுத்தவனைப் பழிப்பதால், கத்தி எடுத்தவன் தூயவனாகிவிடமாட்டான். கொலையை நிறுத்தி நாட்டைக் கைப்பற்றிய படையினரும் குடிமக்கள் பலரைக் கொன்றனர் என்பதையும் மறைக்கலாகாது. துன்புற்றவர் பக்கத்தான் என்பதற்காக ஒருவன் செய்த கொலைக்கு நாம் மென்மையான பெயர் தேடினால், வல்லரசின் வழியைத்தான் நாமும் பின்பற்றுகிறோம். அளவில் சிறியவர்கள் என்பது தவிர வேறுபாடில்லை.

இளைஞர்களே! படையும் இல்லை, பாதுகாப்புக் குழுவில் இடமும் இல்லை நமக்கு. ஆயினும், நாள்தோறும் நாமும் பெயர் சூட்டுகிறோம். மேடையில் சூட்டுகிறோம், ஏட்டில் சூட்டுகிறோம். எவனோ தந்த பெயரை வாங்கி அப்படியே ஒப்பிப்பவன், எவனோ தந்த மந்திரத்தை ஒப்பிப்பவனைவிட எந்த வகையில் மேலானவன்? தொலைநாட்டில் பிணம் விழுந்த செய்தி வரும்போது, விழுந்தவன் எந்தக் கட்சி என்று கேட்குமுன், விழுந்தவன் மனிதன் என்பதை முதலில் சொல்லுங்கள். கொன்றவன் நம் நண்பனாயினும் கொலையைக் கொலை என்றே அழையுங்கள். அதைச் சொல்லும் துணிவு பல நாடுகளின் மக்களிடம் வளர்ந்தால்தான், நாளை எந்த அரசும் சொல்லைத் தேடுவதாக நடித்துக்கொண்டு உயிர்களைக் கைவிட முடியாது.