காணவில்லை என்பதும் இல்லை என்பதும்

"தேடினேன், காணவில்லை" என்பதும் "இல்லை" என்பதும் ஒரே பொருளுடையனவா? மேலோட்டமாக நோக்கின் ஒன்றெனவே தோன்றும். ஆயினும் இவ்விரு சொற்களுக்கும் இடையே மனித உயிர்கள் ஊசலாடக்கூடும் என்பதைக் குரங்கு மலேரியாவின் வரலாறு உணர்த்துகின்றது.

குரங்குகளின் குருதியில் வாழும் 'நோலெசி' என்னும் ஒட்டுண்ணி மனிதரையும் பற்றவல்லது என்பது 1932-இல் கல்கத்தாவில் சோதனை வாயிலாக அறியப்பட்டது. 1965-இல் மலேசியக் காட்டிற்குச் சென்ற அமெரிக்கர் ஒருவரிடம் அது இயற்கையாகவே தொற்றியிருக்கக் கண்டனர். எனினும் அரிதான நிகழ்ச்சி என்றே அறிவுலகம் எண்ணியிருந்தது. சரவாக் மாநிலத்தின் காப்பிட் பகுதியில் மலேரியா கண்ட 208 பேரின் குருதியைப் பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தினர். அவர்களுள் 120 பேரிடம் நோலெசி இருந்தது என 2004-இல் அறிவித்தனர். நுண்ணோக்கியில் அது 'மலேரியே' என்னும் சாதுவான வகையைப் போலவே தோன்றும். ஆனால், 24 மணி நேரத்திற்கு ஒருமுறை பெருகும் நோலெசி உயிரையும் பறிக்கக்கூடியது. கண் பிழை செய்யவில்லை; கண்டதே போதுமென்ற மனநிறைவே பிழை செய்தது.

இன்று வினா இன்னும் நுட்பமாகியுள்ளது. காய்ச்சலே இல்லாத காட்டோர மக்கள் சிலரின் குருதியிலும் இவ்வொட்டுண்ணி மிகச் சிறிய அளவில் மறைந்திருப்பதைச் சபா மாநில ஆய்வுகள் காட்டியுள்ளன. நுண்ணோக்கிக்குப் புலப்படாத அதனைக் காண, கூடுதல் குருதியைப் பயன்படுத்தியும், ஒட்டுண்ணியில் பல படிகளாக அமைந்துள்ள மரபணுப் பகுதிகளைத் தேடியும் சோதனைகளைக் கூர்மைப்படுத்துகின்றனர்.

நலமாயிருப்பவரிடம் நோயைத் தேடுவது வீண் அச்சத்தை விளைவிக்காதா? இவ்வினா நேர்மையானதே. தொடக்ககாலச் சோதனை ஒன்று, 'வைவாக்ஸ்' ஒட்டுண்ணியையே சில வேளைகளில் நோலெசி எனக் காட்டிவிட்டது. ஆகவே கூர்மை மட்டும் போதாது. கண்டதை மீண்டும் சரிபார்க்கும் பொறுமையும் வேண்டும். ஆனால், தவறாகக் கண்டுவிடுவோம் என்னும் அச்சம் தேடாதிருப்பதற்குரிய நியாயம் ஆகாது. தேடப்படாதோர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரும் காட்டோர உழவருமே. கணக்கில் வராத துன்பத்திற்கு மருந்தும் வந்து சேர்வதில்லை.

மனித மலேரியா வகைகளின் உள்நாட்டுப் பரவல் மலேசியாவில் 2018-இல் சுழியமாயிற்று. அது பெருமைக்குரிய வெற்றியே. அதே ஆண்டில் நோலெசி நாலாயிரத்திற்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. சுழியம் பொய்யன்று, அது முழு உண்மையுமன்று.

"என் கருவி எட்டிய அளவில் காணவில்லை." அறிவியலாளர் கூறக்கூடிய மிக நேர்மையான சொற்றொடர் இதுவே. பிறருடைய துன்பத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன், நாமும் இதனை ஒருமுறை நமக்குள் சொல்லிப் பார்ப்பது நன்று.