செய்வித்தலும் வினையே

கொல்லாமை என்றவுடன் நம் கைகளை மட்டுமே நோக்குகிறோம். செய்தல், செய்வித்தல், செய்வாரை உடன்படுதல் என மூவழியிலும் வினை வந்து சேரும் என்பதன்றோ அருகன் அறம்?

ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். அரசை எதிர்த்த ரெனமோ படையை உருவாக்கியது அண்டை நாடான ரொடீசியா; பின்னர் வளர்த்தது தென்னாப்பிரிக்கா. இனி உதவோம் என 1984இல் இங்கோமாட்டியில் ஒப்பமிட்ட பின்னரும் மறைவில் உதவியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் உயிர்கள் மாண்டன. செய்வித்தோர் தம் இல்லங்களில் இனிதே உறங்கினர்!

இரு திறத்தாரையும் 1990இல் உரோம் நகரில் எதிரெதிரே அமர்த்தியோர் சாந்த் எஜிடியோ என்னும் கத்தோலிக்க அன்பர் குழுவினர். பிற சமயத்தாராயினும் என் கைகள் குவிகின்றன. படையற்ற அவர்கள், இத்தாலிய அரசின் துணையோடு, 27 மாதங்கள் பொறுமையாகப் பேசவைத்தனர். 1992 அக்டோபர் 4 அன்று இரு தலைவரும் ஒப்பமிட்டனர்.