‘ஓ.இ.’ ஏதுவா, முடிவா?

முன்பக்கக் கதவுள்ள எல்ஜி வாஷிங் மெஷினில், துணி அலசி முடிந்து தண்ணீர் வடிய வேண்டிய நேரத்தில் சில சமயம் திரையில் ‘ஓ.இ.’ என்ற இரண்டு எழுத்து வந்து நிற்கும். டிரம் சுற்றாது. கண்ணாடிக்குப் பின்னால் அழுக்குத் தண்ணீர் அப்படியே இருக்கும். கையேட்டைப் புரட்டினால், தண்ணீர் வெளியேறுவதில் பிழை என்று ஒரு வரி. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடும்: “பம்பு போயிடுச்சு.”

அந்த இரண்டு எழுத்துக்கும் பம்புக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது? மெக்கானிக்குக் கூலி கொடுக்கும் வீட்டில் இது பணக் கேள்வி. தத்துவத்தில் இது மிகப் பழைய கேள்வி. கண்ணுக்குத் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றை ‘அறிந்தேன்’ என்று சொல்ல யாருக்கு என்ன உரிமை? நியாய மரபினரும் பௌத்தரும் மீமாம்சகரும் சைவ சித்தாந்திகளும் நூற்றாண்டுக் கணக்காக மோதிக்கொண்ட இடம் அது.

முதலில், மெஷினுக்கு என்னதான் தெரியும்? அதற்குத் தண்ணீர் தெரியாது. தொட்டியின் அடியில் சின்னதாக ஒரு காற்றறை இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் மேலே உள்ள பிரஷர் சென்சாருக்குப் போகிறது. தண்ணீர் ஏறினால் குழாய்க்குள் அடைபட்ட காற்று நெருக்கப்படும்; சென்சார் அந்த அழுத்தத்தை மின்குறியாக மாற்றி போர்டுக்கு அனுப்பும். போர்டு பம்பை ஓடச் சொல்லிவிட்டு நேரத்தை எண்ணத் தொடங்கும். குறித்த நிமிடங்களுக்குள் அழுத்தம் இறங்கிய தகவல் வராவிட்டால் ‘ஓ.இ.’ அச்சாகும். அவ்வளவுதான். அந்தக் குறி கறாராகச் சொல்வது, “ஓடச் சொன்னேன், இறங்கியதாகத் தெரியவில்லை” என்பதை மட்டுமே.

ஏன் இறங்கவில்லை என்பதற்குப் பதில்கள் பல. சட்டைப் பையில் மறந்த நாணயமோ ஹேர்பின்னோ ஃபில்டரில் சிக்கியிருக்கலாம். மெஷினைச் சுவரோடு தள்ளியதில் டிரெயின் ஹோஸ் மடங்கியிருக்கலாம். ஹோஸின் வாய் அளவுக்கு மேல் உயரத்தில் மாட்டப்பட்டிருக்கலாம். பம்பின் சுருள் அறுந்திருக்கலாம், வயர் கழன்றிருக்கலாம், போர்டே மின்சாரம் அனுப்பாமல் இருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. தண்ணீர் முழுக்க வெளியேறிய பிறகும், அந்த ரப்பர் குழாயில் சோப்புப் படிவு அடைத்துக்கொண்டு அழுத்தம் இறங்காமல் நின்றால், காலித் தொட்டியை நிறைந்த தொட்டி என்றே மெஷின் நம்பும்.

மணிமேகலை 27ஆம் காதையில் வஞ்சி மாநகரில் அளவைவாதி ஒருவர் அறியும் வழிகளை வகுத்துச் சொல்கிறார். கருதல் அளவையில், அதாவது அனுமானத்தில், ‘எச்சம்’ என்ற வகைக்கு அவர் தரும் உதாரணம் ஆற்று வெள்ளம்: வெள்ளத்தைக் கண்டு, மேலே எங்கோ மழை பெய்திருக்கிறது என்று துணிவது. வடமொழி நியாய மரபிலும் இதே உதாரணம் வழங்குகிறது. விளைவிலிருந்து காரணத்துக்குப் பின்னோக்கிப் போகும் பாதை இது. பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் நடக்கும் பாதையும் இதுதான்.

நியாய சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்தப் பாதைக்கு ஒரு குறுக்குக் கேள்வி வருகிறது. ஆறு நிறைந்திருப்பது மழையால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? கீழே எங்காவது அடைப்பு விழுந்தாலும் ஆறு நிறையுமே! ஆகவே கருதல் நம்பத்தக்க அளவையே இல்லை என்கிறார் எதிர்வாதி. ‘ஓ.இ.’ காட்டும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தத் தடை உடனே புரியும். அவர் முன்னாலும் நீர்மட்டம் இறங்காமல் நிற்கிறது. காரணம் தள்ள வேண்டிய பம்பிலா, போகும் வழியில் விழுந்த அடைப்பிலா என்பது மட்டத்தைப் பார்த்துத் தெரியாது.

நியாயம் சொல்லும் விடை நுட்பமானது. ஆறு நிறைந்திருப்பது மட்டும் ஏது, அதாவது முடிவுக்குக் கொண்டுபோகும் அடையாளம், ஆகாது என்கிறது அது. மழை வெள்ளத்துக்கென்று தனி அடையாளங்கள் உண்டு. நீரின் வேகத்தையும், மிதந்து வரும் நுரை, காய்கனி, இலை, மரக்கட்டை ஆகியவற்றையும் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் எண்ணிச் சொல்கிறார். அடைப்பால் தேங்கிய நீரில் அவை கிடையாது. எனவே தவறு கருதலுடையது அன்று; பாதி அடையாளத்தோடு முடிவுக்கு ஓடியவருடையது.

தேர்ந்த மெக்கானிக் செய்வதும் இதைத்தான். திரையில் தெரிந்ததோடு நிற்காமல் காதைக் கொடுக்கிறார். பம்பு ‘உம்’மென்று முனகியும் தண்ணீர் வரவில்லையா? மின்சாரம் போகிறது, உள்ளே விசிறி சிக்கியிருக்க வேண்டும், அல்லது வழி அடைபட்டிருக்க வேண்டும். கடகடவென்ற சத்தமா? விசிறியில் ஏதோ கிடக்கிறது. சத்தமே இல்லையா? மல்டிமீட்டரை எடுத்துச் சுருளையும் வயரையும் பார்க்க வேண்டும். பம்பு நன்றாக ஓடி, தண்ணீரும் பாய்ந்து வெளியேறி, அப்புறமும் குறி வருகிறதா? இனிக் கீழே குனிந்து பயனில்லை. மேலே போகும் ரப்பர் குழாயைப் பிடிக்க வேண்டும். வாத்ஸ்யாயனரின் நுரையும் இலையும் இங்கே முனகலும் கடகடப்புமாக வருகின்றன.

இரண்டு பக்கமும் பொருந்தும் ஏதுவை ‘அநைகாந்திகம்’ என்று மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலிகளில் ஒன்றாக வைக்கிறது. காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லும் பாடம் அது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பிழைக்குறி பொய் சொல்வதில்லை. அது ஓர் ஏது. அதை நிகமனமாக, அதாவது முடிந்த முடிவாக, எடுத்துக்கொண்டு புதுப் பம்பு வாங்கும்போதுதான் அது போலியாகிறது.

தண்ணீர் உள்ளே வராதபோது தோன்றும் ‘ஐ.இ.’ இன்னும் சுவையானது. அது இல்லாமையைப் பற்றிய செய்தி. இல்லாமையை அறிவதும் தனி அளவை என்று வாதிட்டவர் 7ஆம் நூற்றாண்டு மீமாம்சகர் குமாரிலர். அவர் மரபினர் அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் படாமல் போனால்தான் ‘இல்லை’ என்று சொல்லலாம். இருட்டறையில் குடத்தைக் காணோம் என்பது குடம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மெஷினின் இருட்டு அந்த ரப்பர் குழாய். அது அடைத்தாலோ கழன்றாலோ, தண்ணீர் ஏறியும் சென்சாருக்குச் செய்தி போகாது. வரவில்லை என்று எண்ணி போர்டு மேலும் மேலும் தண்ணீரைத் திறந்துவிடும்.

சென்சாரும் வால்வும் சரியாகவே இருந்து ‘ஐ.இ.’ வருவதும் உண்டு. மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் மேல்தள வீட்டில் பத்தடி உயரத் தண்ணீர் தரும் அழுத்தம் சுமார் 0.3 பார். மாடலைப் பொறுத்து மெஷின் அதைவிடக் கூடுதலாக எதிர்பார்க்கலாம். வால்வு வாயிலுள்ள சல்லடையில் மணலும் உப்பும் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். கோளாறு கட்டடத்தில், குறி மெஷினில்.

அப்படியானால் இந்தக் குறியை ‘உரை’ என்று, நம்பத்தக்கவர் சொல்லாக, ஏற்கலாமா? ஆப்தர் யார் என்பதற்கு வாத்ஸ்யாயனர் தரும் இலக்கணத்தில் பிறப்பும் இடமும் கிடையாது. பொருளை நேரடியாக அறிந்தவராக இருக்க வேண்டும். அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் வேண்டும். முனிவர், ஆரியர், மிலேச்சர் எல்லோருக்கும் அந்த இலக்கணம் ஒன்றே என்கிறார். மெஷின் இதில் தேறாது. அதற்கு நேரடி அறிவும் இல்லை, சொல்லும் விருப்பமும் இல்லை. உண்மையில் பேசுபவர் என்றோ ஓர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, “இத்தனை நிமிடத்தில் இறங்காவிட்டால் இதைக் காட்டு” என்று எழுதிய பொறியாளர். பொதுவிதி அவருடையது. ‘இங்கே, இப்போது’ என்பது மட்டும் சென்சாருடையது. அந்தப் பொறியாளர் இந்த வீட்டுச் சுவரையும் ஹோஸையும் பார்த்ததில்லை.

பழுதே இல்லாமல் வரும் குறிகளும் அவர் பட்டியலில் உண்டு. ‘சி.எல்.’ என்பது குழந்தைகள் பொத்தானை அழுத்தாமலிருக்கப் போட்ட பூட்டு. ‘யு.இ.’ என்றால் துணி ஒரு பக்கமாகச் சுருண்டுவிட்டது. கனத்த பெட்ஷீட் ஒன்றைத் தனியாகப் போட்டாலே வரும். ஒரு சுற்றுக்குள் டிரம்மின் வேகம் கூடிக் குறைவதை வைத்து மெஷின் அதை ஊகிக்கிறது. சாம்சங் மெஷினில் 5ஐ ஆங்கில ‘எஸ்’ என்று படித்துவிட்டு வேறு குறியைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள்; ஏழு கோட்டுத் திரையில் இரண்டுக்கும் ஒரே வடிவம்.

இந்தத் தொல்லையே வேண்டாம், கண்ணால் கண்டதை மட்டும் நம்புவேன் என்று மெஷினைத் திருகு திருகாகக் கழற்றிப்போடும் கட்சியும் உண்டு. மணிமேகலையில் அந்தக் கட்சிக்குப் பேசுபவர் பூதவாதி. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று மணிமேகலை அவரை மடக்குகிறாள். எல்லாவற்றையும் கழற்றினாலும், எரிந்த சுருளைப் பார்த்து ‘இதனால்தான்’ என்று சொல்லும் கணத்தில் கருதல் உள்ளே வந்துவிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பத்து அளவைகளை எண்ணிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார். அந்தப் பத்தில் ஒன்று ஒழிபு: மற்றவை கழிந்தபின் எஞ்சுவதைக் கொள்வது. அதையும் கருதலுக்குள் அடக்குவது பொருத்தமே; மெக்கானிக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழிப்பதற்கும் ஓர் ஏது வேண்டியிருக்கிறதே.

எல்ஜி சில மாடல்களில் ‘ஸ்மார்ட் டயக்னோசிஸ்’ என்றொரு வசதி வைத்திருக்கிறது. போனை அருகே பிடித்தால் மெஷின் கீச்சுக் கீச்சென்று ஒலிகளாகத் தகவலை அனுப்பும். மறுமுனை அதை எழுத்தாக்கிக்கொள்ளும். வெறும் இரண்டு எழுத்தைவிட அதிகத் தகவல் போகிறது, உண்மைதான். ஆனால் போவதெல்லாம் சென்சாருக்குத் தெரிந்தது மட்டுமே. சுவரில் மடங்கிய ஹோஸ் அதில் இல்லை, மூடியிருக்கும் குழாய் அதில் இல்லை. ஆகவே “குழாய் திறந்திருக்கிறதா? ஹோஸ் மடங்கியிருக்கிறதா? ஃபில்டரைக் கழுவினீர்களா?” என்ற கேள்விகளை வீட்டில் இருக்கும் ஒருவரிடம்தான் இன்னமும் கேட்க வேண்டியிருக்கிறது.