அயலான் யார்?

சென்ற வைசாகப் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்று முடிந்தபின், சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். அவர் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் கூறியதாவது: “எங்கள் பிரிவின் மேலாளர் கொரிய நாட்டவர். உணவுக் கூடத்தில் எங்களோடு ஒரே மேசையில் அமர்ந்து உண்கிறார். எங்கள் சாதி யாதென அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. மாலையில் பேருந்தை விட்டிறங்கி எங்கள் தெருவை நோக்கி நடக்கும்போதுதான் சாதி மீண்டும் வந்து பற்றிக்கொள்கிறது. அப்படியாயின், அயலாரிடம் பிழைப்பதே நமக்கு விடுதலையன்றோ? தருமத்தை நாடுவதைவிடக் கடவுச்சீட்டை நாடுவது மேலன்றோ?”

கூடியிருந்தோர் சிரித்தனர். ஆயினும் இது சிரித்து ஒதுக்கத்தக்க வினாவன்று.

இவ்வினாவில் பாதி உண்மை உண்டு. அதனை முதலில் ஒப்புக்கொள்வோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்கா சென்று, பின்பு இலண்டனிலும் பயின்று, 1917-இல் தாயகம் திரும்பினார். அயல்நாட்டு வாழ்க்கை தாம் தீண்டப்படாதவர் என்னும் நினைவையே தம் உள்ளத்தினின்று துடைத்துவிட்டிருந்ததாக அவரே எழுதியுள்ளார். பரோடாவிற் பணியேற்க வந்தபோது தங்க இடமின்றி, பார்சிப் பெயர் ஒன்றைப் புனைந்துகொண்டு பார்சிகளின் விடுதியில் தங்கினார். அங்கிருந்தும் தடியேந்தி வந்தவர்களால் வெளியேற்றப்பட்டார். அயல்நாடு மறக்கச் செய்ததைச் சொந்த நாடு சில நாட்களில் நினைவூட்டிவிட்டது.

நம் முன்னோர் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. 1880 முதல் ஆங்கிலேயக் கம்பெனி கோலாரில் தங்கச் சுரங்கங்களை ஆழத் தோண்டிய காலத்தில், வடஆர்க்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் நம்மவர் திரளாகச் சென்றனர். கன்னட நாட்டில், வெள்ளையர் மேற்பார்வையில், பூமிக்கடியில் உழைத்தனர். பண்ணையாரின் பிடியினின்று தப்பிய அம்மக்களிடையே 1907-இல் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் தோன்றியது தற்செயலன்று. ஆனால் ஒரு பிடியினின்று தப்பினோர் மற்றொன்றில் அகப்பட்டனர். தம் கைரேகையைப் பதியவேண்டும் என்ற ஆணையை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. சாதி கேளாத முதலாளியும் மனிதனை ஓர் எண்ணாகக் கருதக்கூடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இனி, நம் இளைஞர் போற்றும் கொரிய நாட்டிற்கே சென்று பார்ப்போம். அங்கே பிலிப்பைன் தீவினர் பல்லாயிரவர் கூலிவேலை செய்து வாழ்கின்றனர். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்கீழ் முதலில் ஆள் அனுப்பிய நாடுகளில் பிலிப்பைனும் இலங்கையும் அடங்கும். இத்திட்டத்தில் செல்வோர் மனைவி மக்களை உடனழைத்துச் செல்ல இயலாது; விரும்பியபோது விரும்பிய ஆலைக்கு மாறவும் இயலாது. ஆலையை அடுத்த விடுதியில் துயிலெழுந்து, முதலாளி தரும் சோறும் காரமிட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோசும் உண்டு, நாள் முழுதும் இயந்திரத்தின் முன் நின்று, இரவில் தொலைபேசித் திரையில் பிள்ளைகளின் முகம் காண்பதே அவர்தம் வாழ்க்கை. ஞாயிறன்று சியோல் நகரின் ஹேவாதொங் பகுதியில், மாதா கோயிலருகே தம் நாட்டார் கூடும் சந்தைக்குச் சென்று, ஊர்ச் சுவையுள்ள பண்டம் வாங்கி, தாய்மொழியிற் பேசி மகிழ்கின்றனர்.

அவர்களுக்குச் சாதியில்லை. ஆயினும் அவமதிப்பு இல்லாமற் போகவில்லை. கொரிய மொழியில், பெரியோரிடம் பேசும்போது வினைச்சொல்லுக்கு ஒரு முடிவு. சிறியோரிடம் பேசும்போது வேறொரு முடிவு. வயதை மிகவும் மதிக்கும் அந்நாட்டில், வயதில் மூத்த அயல்நாட்டுத் தொழிலாளியையும் சிறுவனை அழைப்பதுபோல் அழைக்கும் வழக்கம் சில ஆலைகளில் உண்டென்பது அத்தொழிலாளர்களின் நெடுநாள் குறை. இதை நமக்கு விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ? நரைத்த தலையுடைய நம் பாட்டனாரை ஊர்த்தெருச் சிறுவன் ‘வாடா’ என்றழைத்ததைக் கேட்டு வளர்ந்தவர்களன்றோ நாம்? ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் தாழ்த்திவிடலாம் என்பதை நம்மைக் காட்டிலும் அறிந்தவர் யார்?

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. 1950-இல் கொரியப் போர் மூண்டபோது, தென்கொரியாவைக் காக்கப் பிலிப்பைன் நாடு 7,000-க்கு மேற்பட்ட வீரரை அனுப்பியது. அன்று பிலிப்பைன் வசதியுள்ள நாடு, கொரியா சாம்பல்மேடு. 1963 முதல் 1977 வரை கொரிய இளைஞர் ஏறத்தாழ 8,000 பேர் மேற்கு ஜெர்மனியின் சுரங்கங்களுக்குக் கூலிகளாகச் சென்றனர். கொரியப் பெண்கள் அந்நாட்டு மருத்துவமனைகளிற் செவிலியராகப் பணிபுரிந்தனர். மொழியறியாது அவர்களும் அயலாரிடையே அழுதவர்களே. ஓர் ஆயுட்காலத்திற்குள் சக்கரம் சுழன்று மேலது கீழாகவும் கீழது மேலாகவும் ஆயிற்று. எல்லாம் நிலையாமையுடையன என்று பகவன் அருளியதற்கு இதனினும் தெளிந்த சான்று எது?

கொரிய நாட்டாரைப் பழிப்பது நம் நோக்கமன்று. அயல்நாட்டுத் தொழிலாளருக்காகப் பரிந்து பேசுவோரும் துணை நிற்போரும் அவர்களிடையே பலர் உளர். நாம் உணரவேண்டுவது இதுவே: துன்பம் தானாக எவரையும் நல்லவராக்குவதில்லை. துன்புற்றவன் விழிப்போடு இராவிடின், தான் பெற்ற அடியைத் தனக்குக் கீழிருப்பவனுக்கு வழங்கிவிட்டு, அதனையே தன் உயர்வென எண்ணுவான்.

நம் நிலைமை என்ன? சத்தியவேடு 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சென்னை மாநிலத்தினின்று ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டது. அங்குள்ள தமிழர் தம் வீட்டை விட்டு ஓரடியும் நகராமலே வேறு மொழி ஆளும் மாநிலத்தாராயினர். அவர்களுள்ளும் நம்மவர் ஊருக்கு வெளியே சேரியில் வைக்கப்பட்டு, பிறந்த ஊரிலேயே அயலாராக இருந்தனர். அயன்மையை இங்ஙனம் இருமடங்கு சுவைத்த மக்கள் வேறு யாவர்? 2008-இல் ஸ்ரீசிட்டி தொடங்கியது. ஜப்பானியர், சீனர், கொரியர் எனப் பலர் வந்தனர். 2025 மே மாதத்தில் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனமும் அங்கே ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. அவர்களோடு ஒடிய நாட்டினின்றும் பீகாரினின்றும் கூலிவேலைக்கு இளைஞர் வந்தனர். கொரிய மேலாளரைக் கண்டதும் எழுந்து நிற்கும் நாம், இந்த இளைஞரை எப்படி அழைக்கிறோம்? ‘இந்திக்காரன்’ என்கிறோம். நம் தெருவில் ஓர் அறைக்கு எட்டுப் பேரை அடைத்து வாடகை வாங்குவோரும் நம்மிடையே உளர். குழாயடியில் அவர்களைக் கடைசியில் நிற்கச் சொல்வோரும் உளர். நம்மைக் குளத்தில் இறங்கவிடாதவர்களின் குரலை இப்போது நம் தொண்டையிலேயே கேட்கிறோம்.

புத்தர் பெருமான் வகுத்த விநயத்தில் வந்தேறும் பிக்குவுக்கும் இருந்துவரும் பிக்குவுக்கும் உரிய கடமைகள் தனித்தனியே சொல்லப்பட்டுள்ளன. வருபவர் செருப்பைக் கழற்றி, குடையைத் தாழ்த்தி, அடக்கமாக நுழைதல் வேண்டும். இருப்பவர், வருபவர் மூத்தவராயின், எதிர்சென்று பாத்திரத்தை வாங்கி, இருக்கையும் கால் கழுவ நீரும் தந்து, குடிநீர் வேண்டுமோ என்று கேட்டல் வேண்டும். இளையவராயினும் நீர் இருக்கும் இடத்தையேனும் காட்டுதல் வேண்டும். எந்நாட்டவர், எக்குலத்தவர் என்ற வினா அங்கில்லை. சிகாலனுக்கு உபதேசித்தபோதும், வலிமைக்கேற்ற வேலை, உணவு, கூலி, நோயிற் பராமரிப்பு, நல்ல பண்டத்திற் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு ஆகியவற்றைத் தொழிலாளிக்குத் தருவது தலைவன் கடன் என்றார். இவை கொரிய முதலாளிக்கு மட்டும் உரியனவல்ல. ஓர் அறையை வாடகைக்கு விடுபவருக்கும் உரியன.

ஆகவே அவ்விளைஞருக்கு நம் விடை இது. கடவுச்சீட்டு உங்களை உங்கள் சாதி அறியாத ஊருக்குக் கொண்டுசேர்க்கும். அது சிறு நன்மையன்று. வாய்த்தால் சென்று வாருங்கள். ஆனால் அது பிறர் உங்கள்மீது சுமத்திய இழிவிலிருந்து மட்டுமே சிறிது காலம் மறைவிடம் தரும். பிறரை இழிவாக நோக்கும் கண்ணை எந்த நாட்டுச் சுங்கச் சாவடியும் பறித்துக்கொள்வதில்லை. அது நம் மூட்டையோடு வரும். அதைக் களைவதற்கே தருமம். நாம் விடுதலை பெற்றோமா என்பதை மேலாளர் நம்மோடு உண்பது காட்டாது. நமக்குப் பின் வந்தவனோடு நாம் உண்பதே காட்டும்.

வரும் பௌர்ணமிக்கு அவ்விளைஞர் தம் அண்டை அறையில் தங்கியிருக்கும் ஒடிய நாட்டுத் தோழரையும் அழைத்து வருவாராக. வாயிலில் நின்று ‘வாருங்கள்’ என்று சொல்ல நாம் காத்திருப்போம்.