உண்பவரும் பொறுப்பும்

உணவைத் தெரிவுசெய்தல் தனிமனித விருப்பத்தைச் சார்ந்தது என்பது பொதுவான எண்ணம். உண்பதன் விளைவு உண்பவரோடு முடிந்துவிடுமாயின் இவ்வெண்ணம் பொருந்தும். ஆனால் அது அவ்வாறு முடிவதில்லை.

1980களில் இலங்கையின் வடமேல் கரையோரத்தில், சிலாபம், புத்தளம் பகுதிகளில், இறால் வளர்ப்புக் குளங்கள் பெருகின. அவற்றுக்காகக் கண்டற் காடுகள் பல இடங்களில் அழிக்கப்பட்டன. கண்டல் வேர்களிடையேதான் இறாற் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வளர்கின்றன. இறாலை வளர்ப்பதற்காக இறாலின் தொட்டிலே அழிக்கப்பட்டது. குளங்களின் கழிவுநீர் சேர்ந்த ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தே வேறு குளங்களுக்கும் நீர் பெறப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. குளங்கள் பல கைவிடப்பட்டன. அங்கு விளைந்த இறாலின் பெரும்பகுதி வெளிநாடுகளுக்கே சென்றது. உண்டவர் அக்காட்டைக் கண்டதில்லை.

இவ்வழிவுக்குப் பொறுப்பாளி யார்? குளம் வெட்டியவர் மட்டுமா? உண்போர் இல்லையெனில் விற்போரும் இலர் என்பதைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வள்ளுவர் உணர்த்தியுள்ளார். அவ்வாதம் இங்கும் பொருந்தும். ஒருவர் மறுப்பதனால் காடு மீளுமா எனச் சிலர் வினவுவர். மீளாதிருக்கலாம். எனினும், பலர் சேர்ந்து இழைத்த தீங்கில் ஒருவரது பங்கு சிறிதாகுமேயன்றி இல்லாததாகிவிடாது.

ஆயினும் பொறுப்பு எல்லோருக்கும் சமமன்று. களப்பில் வலைவீசி அன்றாட உணவைத் தேடுபவருக்குத் தெரிவுகள் சில; தொலைநகரில் விருந்துண்பவருக்கோ பல. தெரிவு எத்துணை விரிகின்றதோ, பொறுப்பும் அத்துணை விரிகின்றது. தம்முன் படைக்கப்பட்டது எதனை அழித்து வந்தது என வினவுதலே அப்பொறுப்பின் முதற்படி எனலாம்.