பொதுத் தரையும் பொது அறமும்

ஆலய வீதி எல்லோருக்கும் உரியது. ஆதலால் எவரும் அதில் வேலி போடத் துணிவதில்லை. மேய்ச்சல் தரைக்கும் இவ்வறம் பொருந்தாதா?

பெரும்போக விதைப்பின் முன் வயற்கண்டங்களிலிருந்து மாடுகளை அகற்றும் திகதியை ஆரம்பக் கூட்டத்திலே தீர்மானிக்கின்றோம். அறுவடை வரை அந்தப் பட்டிகளுக்குத் தரை வேண்டும். தரை சுருங்கினால் மாடு பயிரில் இறங்கும். நமது அம்பாறை மாவட்டத்தில், வட்டமடுவில் பண்ணையாளருக்கும் நெற்செய்கையாளருக்கும் இடையே நீண்டகாலம் நிலவிய பிணக்கை அறிவோம். இருசாராரும் தமிழ் பேசுவோரே, இருசாராருக்கும் பசியுண்டு.

மேய்ச்சல் தரையை வயலாக்குவது மட்டுமா பிழை? புல் தாங்காத அளவுக்கு மாடுகளை விடுவதும் அயலவன் பங்கை உண்பதேயாகும். சுவிற்சர்லாந்தின் டோர்பெல் கிராமத்தவர், குளிர்காலத்தில் தம்மால் தீனி போடக்கூடிய மாடுகளுக்கு மேல் எவரும் பொது மலைப் புற்றரைக்கு அனுப்பலாகாதென 1517இல் விதி செய்தனர். இத்தகைய ஊர்க்கட்டுப்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஒஸ்ட்ரம் அம்மையார் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சைவ சித்தாந்தம் உயிரையே ‘பசு’ என்கின்றது. அதனைக் கட்டுவது பாசம். ‘எனது’ என்னும் அக்கயிற்றைத் தளர்த்தி, எல்லை எது, எத்தனை மாடு என்பதை இருசாராரும் கூடியிருந்து தீர்மானித்துக் காப்பார்களாக. நந்தியெம்பெருமானுக்கு அதுவே நல்ல வழிபாடு.