யாரைப் பார்க்க நடப்பது

நியூ ஜெர்சியில் வீடு தேடும் தமிழ்க் குடும்பம் முதலில் பள்ளிக்கூடத்தின் தரவரிசையைப் பார்க்கும். அடுத்து வரி. மன்ஹாட்டனில் வேலை என்றால் ரயில். எங்களுக்கு நான்காவதாக ஓர் ஆசையும் சேர்ந்துகொண்டது: காரை எடுக்காமல் போய் ஒரு காபி குடித்துவிட்டு வர வேண்டும். எடிசனில் வாடகைக்கு இருந்து, ஒரு கொத்தமல்லிக் கட்டுக்குக்கூடக் கார் சாவியைத் தேடிச் சலித்துப்போனதில் பிறந்த ஆசை அது. அதனால்தான் மெட்டச்சனில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். எடிசன் நாலாபுறமும் வளைத்திருக்க, நடுவில் மூன்று சதுர மைல்கூட இல்லாத சின்ன ஊர். ரயில் நிலையத்தை ஒட்டியே கடைத்தெரு. ரயில் ஏறினால் நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு முக்கால் மணிக்குச் சற்று மேல்.

வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பழைய வீடு, நல்ல சமையலறை. வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் படியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்று பேச்சுக்குக் கேட்டேன். "பத்து நிமிஷம். இங்கே எல்லாவற்றுக்கும் நடந்தே போய்விடலாம்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "யாரைப் பார்க்கப் போவீர்கள்?" என்று கேட்டார்.

குரலில் கிண்டல் இல்லை. ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். காரில் ஏறிய பிறகுதான் அவர் காலில் இருந்த ஷூ நினைவுக்கு வந்தது. நாடாவை இழுத்து இரட்டை முடிச்சு போட்டிருந்தார். வெளியே கிளம்புகிறவர் கட்டுகிற கட்டு. ஆனால் நாங்கள் வீட்டுக்குள் போகும்போதும் அதே படியில்தான் நின்றார், திரும்பி வரும்போதும் அங்கேயேதான் நின்றார்.

வீட்டு விவரத்தாளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஒரு மதிப்பெண் போட்டிருந்தார்கள். 2007இல் சியாட்டிலில் தொடங்கிய 'வாக் ஸ்கோர்' கணக்கு அது. கால் மைலுக்குள், அதாவது ஐந்து நிமிட நடையில், மளிகைக்கடையும் காபிக்கடையும் பூங்காவும் பள்ளியும் இருந்தால் முழுப் புள்ளி. தூரம் கூடக்கூடப் புள்ளி குறையும். அரை மணி நடைக்கு அப்பால் இருப்பதற்கு ஒன்றும் கிடையாது. நியாயமான கணக்குத்தான். ஆனால் அதில் மனிதர்களுக்குப் புள்ளி இல்லை. எனக்கு வேண்டியவர்கள் எல்லாரும் ஐஸ்லினிலும் பிஸ்கடவேயிலும் பரவிக் கிடக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவதென்றால் வாட்ஸப்பில் கேட்டு, சனிக்கிழமை குறித்து, காரில் போக வேண்டும். இந்தக் கணக்கில் அவர்கள் ஒவ்வொருவரும் எனக்குச் சுழியம்.

பெரியவருக்கும் ஒருவேளை அப்படித்தானோ? நியூ ஜெர்சியின் சராசரி வீட்டு வரி 2024இல் ஆண்டுக்கு 10,000 டாலரைத் தாண்டிவிட்டது, அமெரிக்காவிலேயே அதிகம். அதில் ஏறத்தாழப் பாதி பள்ளிகளுக்குப் போகிறது. பிள்ளைகள் படிக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கட்டுவார்கள். படிப்பு முடிந்ததும் வீட்டை விற்றுவிட்டு ஃப்ளோரிடாவுக்கோ வேறு எங்கோ போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு எங்களைப் போல இன்னொரு குடும்பம் வரும். நல்ல பள்ளி உள்ள ஊரில் தெருவில் இருப்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர் நடந்துபோய்ப் பார்த்தவர்கள் அப்படிப் போயிருக்கலாம். அல்லது இதெல்லாம் என் கற்பனையாக இருக்கலாம். காலையிலேயே நடந்துவிட்டு வந்து, ஷூவைக் கழற்றச் சோம்பல்பட்டு நின்றிருக்கலாம்.

ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் அமெரிக்கப் பெருநகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தைக் கல்லூரியில் அரைகுறையாகப் படித்திருக்கிறேன். நினைவில் தங்கியது ஒரு மேசை இழுப்பறை மட்டும். நியூயார்க்கில் அவர் குடியிருந்த ஹட்சன் தெருவில் கடை வைத்திருந்த ஒருவர், தெருக்காரர்கள் தங்கள் நண்பர்களுக்காகக் கொடுத்து வைக்கும் சாவிகளைப் போட்டுவைக்கத் தனியாக ஓர் இழுப்பறை வைத்திருந்தாராம். கடைக்காரர் நண்பர் அல்ல, உறவும் அல்ல. ஆனாலும் சாவியை நம்பிக் கொடுக்கலாம். படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. இதற்கு ஒரு புத்தகமா என்றுகூடத் தோன்றியது. நான் மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவன்.

அங்கேயும் ரயிலடி, கடைத்தெரு, பத்து நிமிட நடைதான். 1931இலிருந்து கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. என் சிறுவயதில் அது மீட்டர் கேஜ். அப்பா கோட்டை ஸ்டேஷனில் ஏறி மாம்பலத்தில் இறங்குவார். இறங்கியவர் வீடு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். தையல்காரரிடம் கொஞ்சம், பழைய பேப்பர் கடையில் கொஞ்சம், அயோத்தியா மண்டபத்தில் உபன்யாசம் இருந்தால் வாசலில் நின்றபடியே கொஞ்சம். "போய் அப்பாவைக் கூட்டிண்டு வா" என்று அம்மா என்னைத் துரத்துவாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அந்தத் தெருவில் நாங்கள் கடைசிவரை வாடகைக் குடித்தனம்தான். சொந்தமாக ஒரு செங்கல்கூடக் கிடையாது. அப்பாவை யாரும் வாடகைக்காரர் என்று பார்த்ததாக நினைவில்லை.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே தெருக்களில் 'டு லெட்' பலகைக்குக் கீழே 'சைவம் மட்டும்' என்று எழுதியிருக்கும். அதன் பொருள் சாப்பாடு மட்டும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் பேச ஆள் இருந்தது என்றால், அந்தப் பலகை முன்கூட்டியே ஆள்களைப் பொறுக்கி வைத்திருந்ததும் ஒரு காரணம். இன்று அந்தப் பகுதியை நினைத்து உருகுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இங்கே எங்கள் ஏஜெண்டிடம், தெருவில் நம்மவர்கள் இருக்கிறார்களா என்று மெதுவாகக் கேட்டேன். நல்ல பெண்மணி. "அதை நான் சொல்லக் கூடாது" என்றார். 1968இன் நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, இனத்தையும் மதத்தையும் பிறந்த நாட்டையும் காட்டி ஒருவரை ஒரு தெருவுக்கு இழுப்பதும் குற்றம், வேறு தெருவுக்குத் தள்ளுவதும் குற்றம். கறுப்பர்களை வெள்ளையர் தெருக்களில் அண்டவிடாமல் செய்த காலம் ஒன்று இருந்ததால் வந்த சட்டம். அது சரியான சட்டம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாம்பலத்தில் அந்தப் பலகைகளைப் படித்து வளர்ந்தவனுக்கு அதில் சந்தேகம் வரக் கூடாது. ஆனால் பெரியவர் கேட்டதும் நான் கேட்டதும் ஏறக்குறைய ஒரே கேள்விதானே? யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல்தான் முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

மனைவி வேறு மாதிரி சொல்கிறாள். "அவரையே போய்ப் பாருங்களேன், பக்கத்து வீடுதானே." சொல்வது சுலபம். கதவைத் தட்டி என்னவென்று சொல்வது? அப்பாவுக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. யார் கதவையும் அவர் தட்ட வேண்டியிருக்கவில்லை, வழியிலேயே எல்லாரும் இருந்தார்கள். மெயின் ஸ்ட்ரீட் காபிக்கடையில் எனக்கு அப்படி யாராவது அமைவார்களா? கவுண்ட்டரில் நின்ற இளைஞனிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. இங்கே குடியிருக்கக் கட்டுப்படியாகாது, காரில்தான் வந்து போகிறானாம்.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் விலை சொல்ல வேண்டும். சொல்லிவிடுவோம் என்றுதான் நினைக்கிறேன். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதால் அல்ல. சமையலறை மனைவிக்குப் பிடித்திருக்கிறது, ரயிலும் பக்கம். நியூ ஜெர்சியில் இருதரப்பும் கையெழுத்துப் போட்ட பிறகும், வக்கீல் படித்துப் பார்த்து ஒப்பந்தத்தை ரத்து செய்ய மூன்று வேலை நாள் உண்டு.